வெறுங்கப்பல்கள் எதைக் கொடுத்து நிறைந்தன? ஓரசுண்ட் சுங்கத் தரவை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

17ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பால்டிக் கடலுக்குப் போன டச்சுக் கப்பல்களில் கணிசமானவை சரக்கில்லாமலே போயின. கப்பல் ஆடாமல் இருக்க அடியில் மணலும் கல்லும் கிடக்கும், அவ்வளவுதான். திரும்பும்போது ரை தானியம், கோதுமை, மரம், சணல், தார் என்று வாய்வரை ஏற்றிக்கொண்டு வந்தன. இது ஒரு வருஷத்துக் கதை இல்லை, தலைமுறை தலைமுறையாக நடந்த வியாபாரம். போலந்துப் பண்ணையார்கள் தானியத்தைத் தானமாகக் கொடுத்திருக்க மாட்டார்கள். அப்படியென்றால் டச்சுக்காரர்கள் எதைக் கொடுத்து வாங்கினார்கள்?

இந்தக் கேள்வியோடு ஒரு டிஜிட்டல் தரவுத்தளத்துக்குள் இறங்கினால் எவ்வளவு தூரம் போகலாம், எங்கே முட்டிக்கொண்டு நிற்போம் என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. எடுத்துக்கொண்ட தரவு, ஓரசுண்ட் நீரிணையைக் கடந்த கப்பல்களிடம் டென்மார்க் வசூலித்த சுங்கத்தின் பதிவேடுகள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய கணக்கில் எது ஏறும், எது ஏறாது என்பது அந்தக் கணக்கை எழுதியவர் யாருக்காக எழுதினார் என்பதைப் பொறுத்தது. கணக்கைக் கணினியில் ஏற்றிவிட்டால் மட்டும் அந்தக் குணம் போய்விடாது.

சுங்கம் வந்த கதை

பால்டிக் கடலிலிருந்து வெளியே வர மூன்று நீரிணைகள் உண்டு. அதிகம் புழங்கியது ஓரசுண்ட். ஹெல்சிங்கோருக்கும் எதிர்க்கரை ஹெல்சிங்போர்க்குக்கும் நடுவே கடலின் அகலம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர்தான். 1420களில் டென்மார்க் மன்னர் எரிக் இங்கே கப்பல்களை நிறுத்திக் காசு வாங்க ஆரம்பித்தார். 1567இல் கப்பலின் சரக்குக் கொள்ளளவை வைத்துச் சுங்கம் போடும் முறை வந்தது. வருமானம் மளமளவென்று ஏறியது. அந்தப் பணம் மன்னரின் சொந்தக் கஜானாவுக்குப் போனது என்பதைக் கவனிக்க வேண்டும். பிரபுக்களிடம் கையேந்தாமல் படை நடத்தவும் கோட்டை கட்டவும் அது உதவியது. நான்காம் கிறிஸ்டியன் இந்த வருமானத்தில் செழித்தவர்தான். அவர் அனுப்பிய கப்பல்கள்தான் 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் இறங்கின.

சரக்கின் மதிப்பைக் கேப்டனே சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால் சுங்கம் குறையும் என்று ஆசை வருமல்லவா? அதற்கு ஒரு பூட்டு வைத்திருந்தார்கள்: சொன்ன விலைக்கே சரக்கை வாங்கிக்கொள்ளும் உரிமை மன்னருக்கு உண்டு. நம் ஊர்ப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இப்படி ஒரு விதி இருந்தால் வழிகாட்டி மதிப்பு என்ற ஏற்பாடே தேவைப்பட்டிருக்காது.

மிஞ்சியிருக்கும் பதிவேடுகளில் மிகப் பழையது 1497ஆம் ஆண்டினது. ஆரம்பத்தில் நிறைய இடைவெளிகள் உண்டு. 1574 முதல் பெரும்பாலும் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. 1857இல் கோபன்ஹேகனில் பல நாடுகள் சேர்ந்து ஒப்பந்தம் போட்டு, டென்மார்க்குக்கு 335 லட்சம் ரிக்ஸ்டாலர் (அந்நாட்டு வெள்ளி நாணயம்) நஷ்டஈடு கொடுத்துச் சுங்கத்தை ஒழித்தன. அமெரிக்கா இனிமேல் கட்ட மாட்டோம் என்று முரண்டு பிடித்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நீனா பாங்கின் அட்டவணைகள்

இந்தக் கணக்குகளை முதலில் எண்ணியவர்கள் கணினிக்காரர்கள் இல்லை. டேனிஷ் வரலாற்றாளரும் சோஷலிஸ்டுமான நீனா பாங் 1906இல் முதல் அட்டவணைத் தொகுதியை வெளியிட்டார். பிறகு கனுட் கோர்ஸ்டும் சேர்ந்துகொண்டார். பாங் 1924இல் டென்மார்க்கின் கல்வி அமைச்சரானார்; நாடாளுமன்ற ஜனநாயகத்தில் அமைச்சரான முதல் பெண்மணி என்று அவரைச் சொல்வார்கள். 1928இல் இறந்துபோனார். வேலை நிற்கவில்லை, கடைசித் தொகுதி 1953இல் வந்தது. அதோடு 1783 வரை முடிந்தது.

அந்த அட்டவணைகளை இன்று குறை சொல்வது சுலபம். குறை என்று பார்த்தால் ஒன்றுதான், ஆனால் பெரியது: அவை கூட்டிய தொகைகள். இந்த ஆண்டில் இந்தத் துறைமுகத்திலிருந்து இத்தனை கப்பல், இவ்வளவு தானியம் என்று இருக்கும். அந்தக் கப்பல்களில் எத்தனை இளவேனிலில் போனவை, ஒரே ஆள் எத்தனை முறை வந்தார், உப்பு ஏற்றிப் போனவர் திரும்பும்போது எதை ஏற்றினார் என்று கேட்டால் அட்டவணை வாய் திறக்காது. பாங்கும் உதவியாளர்களும் எந்தெந்தத் துறைமுகங்களை ஒரே கட்டத்தில் போட்டார்களோ, அந்தக் கட்டங்களுக்குள்ளேயே மூன்று தலைமுறை வரலாற்றாளர்கள் யோசித்தார்கள்.

நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகமும், லேவார்டனில் உள்ள ஃப்ரீஸ்லாந்து ஆவணக் காப்பகமான ட்ரெசோவாரும் சேர்ந்து 2009 வாக்கில் பதிவேடுகளை ஒவ்வொரு கப்பலாகத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தன. மூலம் கோபன்ஹேகனில், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மொத்தம் ஏறக்குறைய 18 லட்சம் கடப்புகள், அதாவது ஒரு கப்பல் ஒரு முறை நீரிணையைக் கடந்தால் ஒரு பதிவு. ஃப்ரீஸ்லாந்துக் காப்பகத்துக்கு இதில் என்ன அக்கறை என்று தோன்றலாம். பால்டிக் ஓடிய கேப்டன்களில் ஏராளமானோர் ஹிண்டெலோப்பன், டெர்ஸ்கெலிங் போன்ற சின்ன ஊர்க்காரர்கள். ஆம்ஸ்டர்டாம் முதலாளிகளின் சரக்கை ஏற்றியவர்கள் இவர்கள்தான்.

ஒரு வரி எப்படி இருக்கும்?

ஒரு பதிவில் இருப்பது இவ்வளவுதான்: தேதி, கேப்டன் பெயர், அவருடைய சொந்த ஊர், எங்கிருந்து வருகிறார், சரக்கு, கட்டிய சுங்கம். எங்கே போகிறார் என்பது 1660களில் இருந்துதான் ஒழுங்காகப் பதிவாகிறது. கப்பலின் பெயர் இல்லை. மறுபடியும் சொல்கிறேன், கப்பலின் பெயர் இல்லை. சுங்கம் கேட்க ஆள் தெரிந்தால் போதும், கப்பலின் பெயர் கணக்குப்பிள்ளைக்கு எதற்கு?

இதனால் ஒரே கப்பலைப் பின்தொடர வேண்டும் என்றால் கேப்டன் பெயரைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் சிக்கல். ஃப்ரீஸ்லாந்தில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பா பெயரைப் பின்னால் சேர்த்துக்கொள்வார்கள். 1811இல் நெப்போலியன் ஆட்சி கட்டாயப்படுத்திய பிறகுதான் எல்லோரும் குடும்பப் பெயர் எழுதினார்கள். ஒரே ஊரில், ஒரே ஆண்டில் யான் யான்சன் என்று நாலைந்து பேர் இருக்க முடியும். பெயர், ஊர், தேதி, சரக்கு நாலையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு கப்பல் மேற்கே போய் மறுபடி கிழக்கே வந்ததை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம்.

தரவு மூன்று அட்டவணைகளாக இருக்கிறது: கடப்புகள், சரக்குகள், சுங்கத் தொகைகள். ஒரு கடப்புக்குப் பல சரக்கு வரிகள் வரும். ரை, கோதுமை, கொஞ்சம் சணல், இரண்டு பீப்பாய் தார் என்றால் நாலு வரி. இதைக் கடப்பு அட்டவணையோடு இணைத்துவிட்டு வரிகளை எண்ணினால் ஒரு கப்பல் நாலு கப்பலாகிவிடும். கலப்புச் சரக்கு ஏற்றும் துறைமுகங்கள் திடீரென்று பெரிதாகத் தெரியும். ஒரே சரக்கு ஏற்றும் டான்சிக் (இன்றைய க்டான்ஸ்க்) போன்ற தானியத் துறைமுகங்கள் சிறுத்துப்போகும். இன்னொன்று: எக்செல் ஒரு தாளில் 1,048,576 வரிகளுக்கு மேல் கொள்ளாது. 18 லட்சம் பதிவைத் திறந்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்துவிட்டு மிச்சத்தை விட்டுவிடும். எச்சரிக்கைப் பெட்டி வரும்தான். சரி என்று அழுத்திவிட்டுப் போவதுதான் எல்லோருடைய வழக்கம்.

ஊர்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டல் தனித் தலைவலி. ஒரே துறைமுகம் பத்து இருபது விதமாக எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலானவற்றைத் தரவுத்தளக் குழு ஒழுங்குபடுத்திவிட்டது. ஆனாலும் ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும் இடங்களில் ஆய்வாளர் தானே முடிவெடுக்க வேண்டும்.

கோடு விழுந்தால் வியாபாரம் விழுந்ததா?

ஆண்டுவாரியாக டச்சுக் கப்பல்களை எண்ணி ஒரு கோடு வரைகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து ஏறுமுகம். பல ஆண்டுகளில் ஓரசுண்டைக் கடந்த கப்பல்களில் பாதிக்கு மேல் டச்சு. அப்புறம் 1650ஐ ஒட்டிக் கோடு தடாலென்று விழுகிறது. சில ஆண்டுகளில் மறுபடி எழுகிறது. போரா, பஞ்சமா?

இரண்டும் இல்லை. 1649இல் டச்சுக் குடியரசும் டென்மார்க்கும் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஆண்டுக்கு 350,000 கில்டர் (டச்சு நாணயம்) மொத்தமாகக் கட்டிவிடுகிறோம், எங்கள் கப்பல்களைத் தனித்தனியாக நிறுத்தாதீர்கள் என்பது ஏற்பாடு. 1653இல் அது ரத்தானது. இடைப்பட்ட காலத்தில் டச்சுக் கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. தனியாக வசூலிக்க ஒன்றும் இல்லாததால் பதிவேட்டில் இடம்பெறவில்லை. இதை அறியாமல் கோட்டைப் பார்த்தால், நூற்றாண்டின் பெரிய வணிகச் சரிவு என்று ஒரு கட்டுரையே எழுதிவிடலாம்.

ஸ்வீடனின் கதை இதன் நீண்ட வடிவம். 1645இல் ப்ரோம்செப்ரோ உடன்படிக்கையில் ஸ்வீடன் தன் கப்பல்களுக்கும், தன் பால்டிக் மாகாணங்களுக்கும் சுங்க விலக்கு வாங்கிக்கொண்டது. 1720 வரை அது நீடித்தது. விலக்கு பெற்றவர் என்ன ஏற்றினார் என்று துருவி எழுதக் கணக்குப்பிள்ளைக்கு என்ன அவசரம்? ரீகா போன்ற பெரிய துறைமுகம் அப்போது ஸ்வீடன் வசம் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டால் ஓட்டையின் அளவு தெரியும்.

1658 முதல் 1660 வரை வேறு காரணம். ஸ்வீடன் படை ஹெல்சிங்கோரில் நீரிணையைக் காத்த குரோன்போர்க் கோட்டையையே பிடித்துவிட்டது, சுங்கச்சாவடி நடத்த ஆள் இல்லை. 1781இல் டச்சுக் கோடு ஏறக்குறைய மறைந்தே போகும். அது நிஜமான அடி. பிரிட்டனோடு நான்காவது போர். ஆனால் அதிலும் முழு உண்மை இல்லை. அதே ஆண்டுகளில் எம்டன் போன்ற நடுநிலை ஊர்களின் கேப்டன்கள் திடீரென்று பெருகுகிறார்கள். கொடி மாறியது, முதலாளி மாறினாரா என்பது சுங்கத்துக்குத் தேவையில்லாத கேள்வி.

அப்புறம் ஏமாற்று. டேனிஷ் வரலாற்றாளர் ஆக்சல் கிறிஸ்டென்சன் 1941இல் வெளியிட்ட ஆய்வில் சுங்கப் பதிவுகளை மற்ற ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஆம்ஸ்டர்டாம் நோட்டரிகளிடம் பதிவான கப்பல் வாடகை ஒப்பந்தங்களும் அவற்றில் உண்டு. கப்பல் எண்ணிக்கையை நம்பலாம், சரக்கு அளவை 1618இல் சோதனை கடுமையாவதற்கு முன் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் இன்றும் பெரும்பாலோர் பின்பற்றும் விதி.

பால்டிக்குக்குப் போன கடல்கடந்த பொருட்கள், அதாவது சர்க்கரை, காபி, தேயிலை, மிளகு பற்றிக் கேட்பவர்களுக்கு இன்னும் ஒரு குழி இருக்கிறது. ஹாம்பர்க் துறைமுகம் ஓரசுண்டுக்கு வெளியே, வடகடல் பக்கம். 18ஆம் நூற்றாண்டில் கரீபியனில் பிரெஞ்சுக் காலனியான செயிண்ட் டொமிங்கோவின் (இன்றைய ஹைட்டி) சர்க்கரையும் காபியும் பிரான்சின் போர்டோ துறைமுகத்திலிருந்து ஏராளமாக ஹாம்பர்க்குக்குப் போயின. அங்கிருந்து தரைவழியே லூபெக் சேர்ந்து பால்டிக்கில் இறங்கியது எதுவும் இந்தத் தரவில் வராது. 1784இல் பால்டிக்கையும் வடகடலையும் இணைக்கும் ஐடர் கால்வாய் திறந்தபின் இன்னொரு சுற்றுவழியும் கிடைத்தது. பிரெஞ்சு வணிகக் கணக்குகளைச் சேர்த்த டோஃப்லிட்18 தரவுத்தளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இந்தப் பகுதியைத் தொடுவது வீண் வேலை.

வெறுங்கப்பலுக்கு வருவோம்

இத்தனையையும் சலித்தெடுத்த பிறகு கிழக்கு நோக்கிப் போன டச்சுக் கப்பல்களைப் பார்த்தால், சரக்கு இடத்தில் நிலைப்பாரம் (கப்பல் ஆடாமலிருக்க ஏற்றும் மணல், கல்) என்று மட்டும் எழுதிய பதிவுகள் குவிந்து கிடக்கின்றன. மீதிக் கப்பல்களில் போர்ச்சுகலின் செட்டுபல் உப்பு, பிரெஞ்சு உப்பு, ஹெர்ரிங் மீன், ஒயின், துணி.

இங்கே ஒரு நிதானம் வேண்டும். வெறுங்கப்பல்களின் எண்ணிக்கை அப்படியே வணிகப் பற்றாக்குறையின் அளவு ஆகிவிடாது. ரை கனமானது, மலிவானது. அதை அளந்த பழைய அளவை லாஸ்ட்; ஒரு லாஸ்ட் ஏறக்குறைய 2 டன். அதை ஏற்ற நிறையக் கப்பல்கள் வேண்டும். துணியும் ஒயினும் சின்ன இடத்தில் பெரிய மதிப்பு. நல்ல துணி நிறைந்த ஒரு கப்பல், பல தானியக் கப்பல்களுக்கு ஈடு கொடுக்கும். ஆகவே ஆம்ஸ்டர்டாம் சந்தை விலைப்பட்டியல்களை எடுத்துச் சரக்கைப் பணமாக மாற்றிப் பார்க்க வேண்டும். அப்படிச் செய்தால் இடைவெளி சுருங்கும். ஆனாலும் அடையாது.

மிச்சத்தை எதைக் கொண்டு அடைத்தார்கள் என்பது கணினிக்கு முந்தைய சண்டை. 1949இல் ஆங்கிலேய வரலாற்றாளர் சார்லஸ் வில்சன் வெள்ளி என்றார். மேற்கிலிருந்து பால்டிக்குக்கு வெள்ளி நாணயம் ஓயாமல் போனது, அதனால்தான் அக்கால இங்கிலாந்தின் பொருளாதாரச் சிந்தனையாளர்கள் வெள்ளி வெளியேறுகிறதே என்று பதறினார்கள் என்பது அவர் வாதம். மறு ஆண்டே ஸ்வீடனின் பொருளாதார வரலாற்றாளர் எலி ஹெக்ஷர் மறுத்தார். உண்டியல்கள், அதாவது இன்னாருக்கு இவ்வளவு கொடு என்று வணிகர்கள் எழுதிக்கொடுக்கும் சீட்டுகள், போதும், ஒரு நாட்டுப் பாக்கியை இன்னொரு நாட்டு வரவால் தீர்த்துக்கொள்ள அப்போதே வழி இருந்தது என்றார். பிறகு ஸ்வீடன் வரலாற்றாளர் ஆர்டர் அட்மன் வெள்ளியின் பக்கம் நிறைய ஆதாரங்களைச் சேர்த்தார்.

ஓரசுண்ட் தரவு இந்த வழக்கில் சாட்சி சொல்லுமா? நேரடியாகச் சொல்லாது. நாணயத்துக்கும் வெள்ளிக்கும் அங்கே சுங்கம் இல்லை, ஆகவே பதிவும் இல்லை. கேப்டனின் பெட்டியில் ஆயிரம் ரிக்ஸ்டாலர் இருந்திருக்கும். பதிவேட்டில் அந்தக் கப்பல் வெறும் மணல் ஏற்றியதாகத்தான் நிற்கும். தென் அமெரிக்காவின் பொட்டோசி மலையில் 1545இல் கண்டெடுத்த வெள்ளி ஐரோப்பாவின் ரொட்டியை வாங்கியதா என்ற கேள்விக்கு, அந்த ரொட்டியின் ஒவ்வொரு லாஸ்டையும் எழுதிவைத்த கணக்கு பதில் சொல்லாமல் இருக்கிறது.

மறைமுகமாகச் சொல்லலாம். பாங்கின் அட்டவணையில் முடியாத, இந்தத் தரவுத்தளத்தில் முடிகிற காரியம் இது: கேப்டன் கேப்டனாகப் போகும் சுற்றை வரும் சுற்றோடு இணைப்பது. எந்தத் துறைமுகத்துக்கு வெறுமையாகப் போனவர்கள் அதிகம், அவர்களில் எத்தனை பேர் நேராக ஆம்ஸ்டர்டாமிலிருந்து போனார்கள், எத்தனை பேர் செட்டுபல் சுற்றி உப்போடு போனார்கள் என்று பிரிக்கலாம். ஸ்டாக்ஹோம் போல ஆம்ஸ்டர்டாமோடு உண்டியல் தொடர்பு நன்றாக இருந்த ஊர்களும், அது பலவீனமாக இருந்த ஊர்களும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றனவா என்று சோதிக்கலாம். ஹெக்ஷர் சொன்னது சரியென்றால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

அதே வெள்ளி, வேறு கணக்குப்பிள்ளை

ஆம்ஸ்டர்டாமிலிருந்து வெள்ளி கிழக்கே இன்னொரு பாதையிலும் போனது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி துணி வாங்கக் கோரமண்டலக் கரைக்குப் பழவேற்காட்டுக்கும், 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்த நாகப்பட்டினத்துக்கும் பணத்தைக் கொண்டுவந்தது. அந்தத் துணி மிளகுக்கும் கிராம்புக்கும் மாற்றாகத் தென்கிழக்காசியத் தீவுகளுக்குப் போனது.

18ஆம் நூற்றாண்டுக்கு இதன் கணக்கும் தரவுத்தளமாகிவிட்டது. கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான படேவியாவின் (இன்றைய ஜகார்த்தா) தலைமைக் கணக்காளர் அலுவலகப் பேரேடுகளை வைத்து, நெதர்லாந்தின் ஹைகன்ஸ் வரலாற்று ஆய்வு நிறுவனத்தார் ஏறக்குறைய 18,000 பயணங்களின் சரக்கை ஏற்றியிருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் ஏறிய கினி துணி (ஒரு வகைப் பருத்தித் துணி) எத்தனை உருப்படி, என்ன மதிப்பு என்று தேடி எடுக்கலாம். முக்கியமாக, இங்கே நாணயப் பெட்டிகளும் சரக்கு வரியாகவே வருகின்றன. காரணம் எளியது. ஹெல்சிங்கோர்க்காரர் சுங்கம் வராத பொருளைக் கண்டுகொள்ளவில்லை. படேவியாக்காரர் கம்பெனிக்கு வேலை செய்தவர். பெட்டியில் ஒரு காசு குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர். ஆனால் கம்பெனி ஊழியர்கள் தங்கள் சொந்தக் கணக்கில் ரகசியமாகச் செய்த வியாபாரத்தை அவர் எழுதவில்லை. ஹெல்சிங்கோரில் அது சுங்கம் கட்டும் சரக்காக இருந்திருந்தால் எழுதியிருப்பார்கள்!

இரண்டையும் சேர்க்க ஆசைப்படுபவர்கள் மூன்று விஷயங்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். படேவியாவின் கணக்காண்டு ஆகஸ்ட் 31இல் முடியும். ஓரசுண்ட் பதிவுகள் நாள்வாரியானவை. கில்டர் என்று இருந்தாலும் நெதர்லாந்தில் ஒரு மதிப்பு, ஆசியாவில் ஒரு மதிப்பு. தரவுத்தளம் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது, கலந்து கூட்டிவிடக் கூடாது. படேவியாப் பேரேடுகள் எல்லா ஆண்டுகளுக்கும் மிஞ்சவில்லை. இல்லாத ஆண்டைச் சுழியம் என்று போட்டால் மறுபடியும் 1650இன் பொய்ச் சரிவுதான்.

காலம்தான் தீராத பிரச்சினை. டச்சுப் பால்டிக் தானிய வணிகம் உச்சத்தில் இருந்தது 17ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில். படேவியாத் தரவு தொடங்குவது 1700இல். இரண்டு தரவுத்தளங்களும் ஒன்றின்மேல் ஒன்று படியும் நூற்றாண்டில் டச்சுப் பங்கு ஏற்கெனவே சரியத் தொடங்கிவிட்டது. அதன் கடைசியில் பிரிட்டிஷ் கப்பல்கள் ஓரசுண்டில் முந்திவிட்டன. ஆகவே ஆம்ஸ்டர்டாமின் வெள்ளி தானியத்துக்கு எவ்வளவு போனது, துணிக்கும் மசாலாவுக்கும் எவ்வளவு போனது என்ற ஒப்பீட்டை 1700க்குப் பிறகான ஆண்டுகளில்தான் நேர்மையாகத் தொடங்க முடியும். அதற்கு முந்தைய காலத்துக்கு நாணயச்சாலைக் கணக்குகளும் வணிகர் கடிதங்களும்தான் துணை. அவற்றில் பெரும்பகுதி இன்னும் காகிதத்திலேயே இருக்கிறது.